நிறுத்த முடியாத ஒலிநூல்

தமிழில் குழந்தைகளுக்கான ஒலிநூல்கள் போதவில்லை என்று கருத்தரங்குகளில் கவலைப்படுகிறார்கள். கவலைப்படுகிறவர்களில் ஒருவர்கூட நவம்பர் 14 அன்று ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பக்கம் போனதில்லை போலிருக்கிறது. போயிருந்தால், மிக நீளமான, முற்றிலும் இலவசமான, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஒன்றியத்திலும் தவறாமல் மறுபதிப்புக் காணும் ஓர் ஒலிநூல் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்துக்கொண்டிருப்பதைக் காதாரக் கேட்டிருப்பார்கள். சிறப்பு விருந்தினர் உரை என்று அதற்குப் பெயர்.

இந்த ஒலிநூலுக்குச் சில சிறப்பு அம்சங்கள் உண்டு. வேகத்தைக் கூட்ட முடியாது. பின்னோக்கி ஓட்டத் தேவையே இல்லை. சொன்னதையே அவர் மூன்று முறை சொல்வார். நிறுத்தும் பொத்தான் கிடையாது. ஒலியளவு மைக் செட்காரர் கையில் இருக்கிறது, அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். முதல் அத்தியாயம் முழுக்கப் பெயர்கள்: மேடையில் வீற்றிருக்கும் மாவட்டம், ஒன்றியம், நகரம், கிளை, வார்டு, வட்டம். இரண்டாம் அத்தியாயம் சுயசரிதை: “நானும் உங்களை மாதிரி மண் தரையில உக்காந்து படிச்சவன்தான்.” மூன்றாம் அத்தியாயம் அரசின் சாதனைகள் அல்லது அரசின் துரோகங்கள், எது என்பது பேசுபவரின் கரை வேட்டியைப் பொறுத்தது. நான்காம் அத்தியாயம் “நேரமின்மை காரணமாக” என்று தொடங்கும். உரையின் சரிபாதி அங்கேதான் ஆரம்பமாகிறது. கதாநாயகன் அவரே. குழந்தைகளுக்கு இந்த நூலில் ஒரே ஒரு வரிதான் உண்டு, அதுவும் உத்தரவு: “எல்லாரும் நல்லா கைதட்டுங்க பாப்போம்!”

அழைப்பிதழில் விழா காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். ஷாமியானா மேடைக்கும் நாற்காலிகளுக்கும் மட்டும்; பிள்ளைகளுக்கு வானம். பத்தே காலுக்குத் தலைமையாசிரியை போன் போடுவார். “அண்ணன் கிளம்பிட்டாரு டீச்சர்” என்று பதில் வரும். அண்ணன் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பார். பதினோரு மணிக்கு, “பக்கத்தூர்ல ஒரு கல்யாணம், தலையக் காட்டிட்டு வந்துருவாரு.” பதினொன்றரைக்கு, “பைபாஸ் வந்தாச்சு.” இதற்குள் பாரதியார் வேடமிட்ட பையனின் மீசை வியர்வையில் கன்னத்துக்கு இறங்கிவிடும். ஜான்சி ராணி வாளைக் கீழே போட்டுவிட்டு அம்மா வேண்டுமென்று அழுதுகொண்டிருப்பாள். ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றுக்கு வரும், போகக் கூடாது. எழுந்தால் வரிசை கலையும், வரிசை கலைந்தால் வீடியோவில் தெரியும்.

அண்ணன் வந்து இறங்கியதும் கூடவே முப்பது பேர் இறங்குவார்கள். அந்த முப்பது பேருக்கும் பொன்னாடை உண்டு. அவர் இவருக்குப் போர்த்த, இவர் அவருக்குப் போர்த்த, மேடையில் ஒரு ஜவுளிக்கடையே கை மாறும். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு டீச்சர்களின் கைப்பையிலிருந்து வந்திருக்கும். பிறகு அறிவிப்பு வரும்: “விருந்தினர் அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருப்பதால் கலை நிகழ்ச்சிகள் சுருக்கமாக நடைபெறும்.” பல நாள் ஒத்திகை பார்த்த நடனம் பல்லவியோடு முடிந்துவிடும். குழந்தைகள் தினத்தன்று எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. பெயர் சொல்ல, துண்டு போர்த்த, ஆளுயர மாலைக்குள் நின்று படம் எடுக்க, எதிர்க்கட்சியை ஏச, எல்லாவற்றுக்கும் இருக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும்தான் நேரம் இல்லை. அவர்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் இருக்கிறது.

யாருடைய பிறந்த நாளில் இதெல்லாம் நடக்கிறது? 1928 கோடையில், முசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு, பூமி எப்படி உண்டானது, மொழிகள் எப்படிப் பிறந்தன, மனிதர்கள் ஏன் கூடி வாழ்ந்தார்கள் என்று கடிதம் கடிதமாக எழுதியவர் நேரு. அடுத்த ஆண்டே அவை புத்தகமாகவும் வந்தன. அந்த மனிதரின் படத்துக்கு மாலை போட்டு, ரோஜாவைச் செருகி, ஊதுவத்தி கொளுத்துகிறோம். அவர் எழுதியதில் ஒரு கடிதத்தையாவது எந்தத் தலைவராவது மேடையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதைக் கேட்டிருக்கிறீர்களா? வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அண்ணனின் பெயர் ஓர் இடத்திலும் வராது. அதுதான் சிக்கல்.

ஜூலை 15 இதைவிடக் கொடுமை. காமராசர் பிறந்த நாள். 2006 முதல் கல்வி வளர்ச்சி நாள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், 1956இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தவர், கேட்ட கேள்விக்கெல்லாம் “பார்க்கலாம்னேன்” என்ற ஒரு சொல்லில் பதிலை முடித்தவர். அவரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுகிறவர், பேசி முடித்ததும் மணியைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறுகிறார். அவருடைய பேரன் படிக்கும் சர்வதேசப் பள்ளியில் மூன்றரைக்கு மணி அடித்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றும் அதே அட்டவணை சொல்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். விழா நாளில் ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில், இன்னொருவர் மைக்கோடு மேடையில். அதற்கு முந்தைய வாரம் ஒருவர் நடன ஒத்திகையில், இன்னொருவர் அழைப்பிதழோடு வீடு வீடாக. 800 மணி நேரத்தில் இதெல்லாம் எந்தக் கணக்கில் கழிகிறது என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. சால்வை போர்த்துவதைக் கற்பித்தல் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்விசாரா வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்று மட்டும் விதிவிலக்கு. வெறும் மூன்றுதான் என்று சந்தோஷப்பட்டோம். 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். நடுவில் நவம்பர் 14 வந்தது. வாக்காளர்களை எண்ணப் போன டீச்சர்களைக் குழந்தைகள் தினத்தில் தேடிய குழந்தைகளை யாரும் எண்ணவில்லை. அவர்களுக்கு ஓட்டு இல்லையே.

விழா முடிந்தாலும் டீச்சரின் வேலை முடியாது. படம் ஏற்ற வேண்டும். இன்றைய தொடக்கப் பள்ளியில் ஒரு காரியம் நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஏறியதா என்றுதான் கேட்கிறார்கள். துறையின் எமிஸ் தளத்தில் ஏற வேண்டும், வட்டார வாட்ஸ்அப் குழுவில் ஏற வேண்டும், மாவட்டத்தின் கூகுள் படிவத்தில் ஏற வேண்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, நட்ட மரக்கன்று எத்தனை. அதே குழியில் போன ஆண்டு நட்ட கன்று என்ன ஆயிற்று என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாள். குழாயில் தண்ணீர் வராத பள்ளியும் அதைக் கொண்டாடியாக வேண்டும். பிள்ளைகள் காற்றில் கைகழுவிக் காட்டுவார்கள், படம் ஏறும், மேலே இருந்து கட்டை விரல் வரும். கட்டை விரல் காட்டிய அலுவலர் நேரில் ஒரு முறை வந்திருந்தால் அவருக்குக் கைகழுவத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்திருப்பார்கள், அதையும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள்தான் சுமந்திருப்பார்கள்.

யார் வேண்டுமானாலும் வந்து என்ன வேண்டுமானாலும் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று குழந்தைகளின் காதைத் திறந்துவிட்டிருக்கிறோம். விளைவை 2024இல் சென்னையில் பார்த்தோம். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி மேடையில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று ஒருவர் ஏறினார். மாற்றுத்திறனாளிகளாகப் பிறப்பது போன பிறவியின் பாவம் என்று பாடம் நடத்தினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேச்சாளரோ அவரிடமே வாக்குவாதம் செய்தார். வீடியோ பரவியது, ஊர் கொதித்தது, பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியர் இடமாற்றம் ஆனார், விழா நடத்த வழிகாட்டு நெறிமுறை வரும் என்று அரசு அறிவித்தது. நல்லது. அந்த அறையில் எழுந்து நிற்க ஒரு பெரிய மனிதர் இருந்தார். தொடக்கப் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏழு வயது. “சார், நீங்க சொல்றது பொய்” என்று எழுந்து சொல்ல அவர்களில் யாருக்கு முடியும்? சொன்னால் அடுத்த நாள் யாருக்கு அடி விழும்?

சரி, உண்மையான ஒலிநூலுக்கு வருவோம். 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். ஸ்கேன் செய்தால் பாட்டு கேட்கும், கதை ஓடும் என்றார்கள். மெச்சத் தகுந்த ஏற்பாடுதான். ஒரே ஒரு சின்னக் குறை: புத்தகத்தோடு போன் கொடுக்கவில்லை. பிள்ளையின் வீட்டில் ஒரு போன் இருக்கிறது. அது அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புகிறது. திரும்பும்போது சார்ஜ் இருக்காது, சார்ஜ் இருந்தால் டேட்டா இருக்காது, இரண்டும் இருந்தால் பிள்ளை தூங்கியிருக்கும். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பிள்ளைகள் வீணாக்கவில்லை. கலர் பென்சிலால் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிக்கொள்கிறார்கள். மாநிலத்தின் மிக வெற்றிகரமான ஓவியப் பயிற்சி அதுதான்.

பிறகு கல்வித் தொலைக்காட்சி வந்தது, திறன் வகுப்பறை வந்தது, டீச்சர் கைக்குக் கையடக்கக் கணினி வந்தது. அந்தக் கணினியில் ஒரு கதையைப் போட்டுக் காட்டலாம் என்று டீச்சர் திறந்தால், முதலில் வருகைப் பதிவைக் கேட்கும், அடுத்து மதிப்பீட்டைக் கேட்கும், அதற்கடுத்து நேற்றைய மதிப்பீடு ஏன் பாக்கி என்று கேட்கும். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வந்த கருவிக்கு டீச்சர்தான் நாள் முழுக்கக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பக்கம் செயலி வியாபாரிகள். “ஸ்க்ரீன் டைமைக் குறையுங்கள், எங்கள் ஒலிக்கதைச் செயலியைத் தரவிறக்குங்கள்” என்று அதே ஸ்க்ரீனில் விளம்பரம் போடுகிறார்கள். சந்தா கட்டினால் ஒரு குரல் வந்து “ஹாய் குட்டீஸ்” என்று தொடங்கும். மழை அதற்கு மலை, பழம் பலம், கிழவி கிலவி. வடைக் கதையில் பாட்டி ஐந்து நட்சத்திர ஓட்டலின் வரவேற்பாளரைப் போலப் பேசுகிறாள். பாட்டு முடிந்ததும் நீதி, நீதி முடிந்ததும் விளம்பரம். காக்காவும் நரியும் கடைசியில் பிரீமியம் திட்டத்துக்கு மாறச் சொல்லிவிட்டுப் போகின்றன.

இதற்கெல்லாம் அவசியமே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. யாரும் படிக்கலாம், பகிரலாம், குரல் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘ஊஞ்சல்’ இதழ் போடுகிறது. கதைக்குப் பஞ்சம் இல்லை. விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் அதே மைக் செட்டை அரை மணி நேரம் பிள்ளைகள் கையில் கொடுத்தால், ஐந்தாம் வகுப்புப் பெண் வாசிக்க, ஒன்றாம் வகுப்பு வாய் பிளந்து கேட்கும். டீச்சரின் போனில் பதிவு செய்தால் அதுவே ஒலிநூல். இதற்கு டெண்டர் வேண்டாம். டெண்டர் வேண்டாத எதுவும் நம் நாட்டில் திட்டம் ஆவதில்லை.

ஒலிநூலை ஆடம்பரம் என்றே சொல்ல முடியாத பிள்ளை ஒன்று எல்லா ஒன்றியத்திலும் உண்டு: கண் தெரியாத பிள்ளை. பார்வையற்றோருக்காக நூல்களை ஒலி வடிவில் ஆக்கப் பதிப்புரிமை குறுக்கே நிற்கக் கூடாது என்று 2012இல் நம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதையே உலகத்துக்குச் சொல்லும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. முதல் நாடு! எத்தனை பெருமை. அந்தப் பெருமையை ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் கண் தெரியாத பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், தடவிப் பார்த்துச் சொல்லட்டும். அவளைத் தேடி வரும் சிறப்புப் பயிற்றுநரின் ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியில் இருந்து வருகிறது. தமிழ்நாடு பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான அந்த நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கையெழுத்துப் போட மறுத்தது மூன்றாம் வகுப்புப் பெண்ணா? தில்லிக்கும் சென்னைக்கும் சண்டை என்றால் அவர்கள் இருவரும் கட்டிப் புரளட்டும். காது மட்டுமே மிச்சமிருக்கும் ஒரு குழந்தையின் காதைத் திருகுவதற்குப் பெயர் கூட்டாட்சியா?

கண் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாளும் பருவ இதழ்களும் கதைப் புத்தகங்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்பதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைதான். நூலகம் இருக்கிறது. பச்சை நிற இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ தலைமையாசிரியை அறையில் இருக்கிறது. சாவி அவர் முந்தானையில் இருக்கிறது. ஏன் டீச்சர் என்றால், “கிழிச்சுருவாங்க சார், ஆடிட்ல எண்ணிக்கை குறைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க” என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிழியாத புத்தகம் தணிக்கையில் தேறிவிடும், வாசிக்காத பிள்ளையைத் தணிக்கை செய்ய யாரும் வருவதில்லை. கரையானுக்கு மட்டும் அந்த நூலகத்தில் உறுப்பினர் அட்டை உண்டு.

அரசுப் பள்ளியைத் திட்டினால் கைதட்டத் தயாராக இருக்கும் தனியார் பள்ளிப் பெற்றோரே, சற்று உட்காருங்கள், உங்கள் முறை. உங்கள் பள்ளியில் கட்சிக்காரர் வரமாட்டார். அங்கே நாட்காட்டியே சிறப்பு விருந்தினர். திங்கள் மஞ்சள் தினம், மஞ்சள் சட்டை, மாம்பழம். அடுத்த வாரம் பச்சை தினம், பச்சை சட்டை, கொய்யா. கிருஷ்ண ஜெயந்திக்கு மயிலிறகு, கிறிஸ்துமஸுக்குப் பஞ்சுத் தாடி. சென்னை வெயிலில் சான்டாவுக்கு வேர்க்குரு. பொங்கலுக்கு மின்சார அடுப்பில், பால்கூடப் பொங்காத பானையைச் சுற்றி நின்று “பொங்கலோ பொங்கல்” என்று எல்கேஜி கத்தும், கரும்பு தெர்மாக்கோல். தாத்தா பாட்டி தினத்துக்குத் தாத்தா இல்லாத பிள்ளை என்ன செய்வது என்று சுற்றறிக்கையில் இருக்காது. கூலிக்குப் போகும் பாட்டி நிறத்துக்கேற்ற பட்டுக்கு எங்கே போவாள் என்றும் இருக்காது.

ஆண்டு விழாவோ கொள்ளையின் திருவிழா. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இலேயே சட்டம் வந்தது. கட்டணம் இவ்வளவு என்று ஒரு குழு நிர்ணயிக்கிறது. அந்தக் குழுவின் கண்ணில் படாத ஊரில்தான் உடை வாடகை, மேக்கப், வீடியோ, பென்டிரைவ், “விருப்பப்பட்டால் மட்டும்” நன்கொடை எல்லாம் குடியிருக்கின்றன. விருப்பப்படாத பிள்ளை அன்று மேடையில் மரமாக நிற்கும். விருப்பப்பட்ட பிள்ளையும் மரம்தான், முன்வரிசை மரம். “மிஸ், இவளுக்கு ஒரு டயலாக்காவது குடுங்களேன்” என்று அம்மா கெஞ்ச, “மேம், எல்லாமே ரெக்கார்டட், இவங்க லிப் மட்டும் மூவ் பண்ணா போதும்” என்று பதில் வரும். கவனியுங்கள். பிள்ளைகளின் சொந்தக் குரலைப் பிடுங்கிவிட்டு, ஸ்டூடியோவில் யாரோ பேசியதற்கு உதட்டை அசைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைக் கல்வி என்றும் நம்புகிறார்கள். அந்தப் பயிற்சி வீண் போகாது. பெரியவர்களானதும் அவர்கள் மேடை எதிரே உட்கார்ந்து சொன்ன இடத்தில் கைதட்டுவார்கள்.

விழா எதற்கு? சேர்ந்து இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் என்று சொல்கிறார்கள். அதற்காகத்தான் சமத்துவப் பொங்கல். எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பானையைச் சுற்றி நிற்கும் படம் நாளிதழில் வருகிறது. அந்தப் பானையில் யார் பொங்கினார்கள் என்பதுதான் கேள்வி. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. பசியோடு வந்த பிள்ளைக்குச் சூடான உப்புமா. இந்த மாநிலம் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. அடுத்த மாதமே கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், சமைப்பவர் பட்டியல் சமூகப் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகள் அதைச் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஆறு வயதுப் பிள்ளைக்கு உப்புமா உப்புமாதான். அதில் தீட்டைக் கண்டுபிடித்துக் காட்டியது அந்தப் பிள்ளையின் அப்பா. அவரைப் போன்றவர்கள் ஜனவரியில் சமத்துவப் பொங்கலுக்கு வருவார்கள், கரும்பைப் பிடித்துக்கொண்டு படத்தில் நிற்பார்கள். அந்தப் படமும் ஏறும், அதற்கும் கட்டை விரல் வரும்.

பள்ளியின் சமூக வாழ்வு என்று ஒன்று சட்டத்தில் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை அவர்களே தீட்ட வேண்டும். கூட்டம் நடக்கிறது. நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்த அம்மாக்கள் மரத்தடியில் உட்கார்கிறார்கள். பிஸ்கட், டீ, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, படம். ஓர் அம்மா தயங்கித் தயங்கி எழுந்து, “டீச்சர், எம் பையன் நாலாப்பு வந்துட்டான், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான்” என்கிறார். “அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்லீங்கம்மா. இன்னைக்கு ஆண்டு விழா பத்திதான்.” அம்மா உட்கார்ந்துவிடுகிறார். அந்தப் பள்ளியில் அன்று கேட்கப்பட்ட ஒரே கல்விக் கேள்வி அதுதான். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறவில்லை.

எனவே, அடுத்த நவம்பர் 14க்கு வரப்போகும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், ஊருக்கு ஊர் காத்திருக்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும் சில நிபந்தனைகள். மேடை கிடையாது. மாலை, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் கிடையாது. சொன்ன நேரத்துக்கு வாருங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் வகுப்பு தொடங்கிவிடும், வாசலோடு திரும்பிவிடுங்கள். வந்ததும் முதல் வேலையாகப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். புத்தகம் கிழிந்தால் யார் சம்பளத்திலும் பிடிக்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பட்டியல் சமூகப் பெண் சமைத்த உப்புமாவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், படம் எடுக்காமல். பிறகு பாயில் உட்கார்ந்து ஒரே ஒரு கதையை வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகள் நடுவில் கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்; நீங்கள் இதுவரை சொல்லாத ஒரு சொல் அது, பழகப் பழக வரும்.

வாசிக்க வராது, பேசத்தான் வரும் என்கிறீர்களா? அப்படியானால் உச்சி வெயிலில் மண் தரையில் வரிசை கலையாமல் சம்மணம் போட்டு உட்காருங்கள். மூன்றாம் வகுப்புப் பெண் உங்களுக்கு வாசிப்பாள். எழுந்து போகக் கூடாது, ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும், கைதட்டச் சொல்லும்போது தட்ட வேண்டும். அறுபது ஆண்டுகளாக உங்களுக்காக ஆறு வயதுப் பிள்ளைகள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். உங்களால் ஒரு மணி நேரம் முடியாதா?